விட்டுப்போன வியாழக்கிழமை

எங்கள் வீட்டுக்காரருடைய சித்திக்கு வரிசையாக நாலு பெண்கள். இனி போதும் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்த வேளையில் ஒரு பையன் பிறந்தான். எனக்கு அவன் கொழுந்தன் முறை. வயதில் என் மூத்த மகனைவிடக் கொஞ்சம்தான் பெரியவன், ஆனாலும் முறை முறைதானே. "அண்ணி" என்றுதான் கூப்பிடுவான். பிறந்தவுடன் அவன் போட்ட சத்தத்தில், இது பிள்ளையா சங்கா என்று நர்ஸ் கேட்டாளாம். சித்தி சாகும்வரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சத்தம்தான் பின்னால் அவனுக்குச் சோறு போட்டது. பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயரைக் கூவி ஆள் ஏற்றுவது அவன் வேலை. அவன் இந்தக் கோடியில் நின்று கூவினால் அந்தக் கோடியில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர் தம்ளரை வைத்துவிட்டு ஓடிவருவார். மைக்செட் என்று பேர் விழுந்துவிட்டது. பெற்றவள் வைத்த பேர் வீட்டிலேயே பாதிப் பேருக்கு மறந்துபோயிற்று.

வண்டியின் பலகையைப் பார்த்துத்தான் கூவுகிறான் என்று பயணிகள் நினைப்பார்கள். அவன் பார்ப்பது டிரைவரின் முகத்தை, வண்டியின் நிறத்தை, எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்பதை. எழுத்து அவனுக்குத் தெரியாது. அவன் அப்பா அதே நிலையத்தில் மூட்டை தூக்கியவர். வண்டிக் கூரையிலிருந்து விழுந்து இடுப்பு போயிற்று. பையன் இரண்டாம் வகுப்புப் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் தண்ணீர் விற்கப் போனான். அதோடு சரி. கல்யாணப் பேச்சின்போது சித்தி கூசாமல், "எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கான், அதுக்கு மேல அவனுக்கே பிடிக்கல" என்று சொன்னாள். பெண் வீட்டாரும் நம்பினார்கள்.

அவனிடம் ஒரு மூக்குக்கண்ணாடி உண்டு, நடைபாதையில் வாங்கினது. கண் கழுகுக் கண்தான். போடுவதற்காக வாங்கினதில்லை அது, மறந்துவிட்டு வருவதற்காக வாங்கினது. எங்கேயாவது ஒரு காகிதத்தை நீட்டினால் சட்டைப்பையைத் தடவுவான். "அடடா, கண்ணாடிய வீட்டுல விட்டுட்டேனே, நீங்களே படிச்சுச் சொல்லுங்க." அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறவள், கெட்டிக்காரி. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அவர்கள் குடியிருப்பது எங்கள் வீட்டு மாடியில். ஒரே பெண், பாப்பா. அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருஷம் நடந்தது இது.

அந்த வகுப்புக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தாள். பெற்றோர் கூட்டத்தில் அவள் சொன்னாளாம்: ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்த வாரத்துப் பாடத் திட்டத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவேன், எந்த நாள் எந்தப் பாடம், பிள்ளை என்ன கொண்டுவர வேண்டும், வீட்டில் நீங்கள் பிள்ளையோடு என்ன செய்ய வேண்டும், எல்லாம் அதில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதற்குத் தையல் கம்பெனிக்குப் போகும் ஓர் அம்மா எழுந்தாள்.

"டீச்சர், ஊசியில நூல் கோத்துக் கோத்து எங்களுக்குக் கண்ணு அவிஞ்சு கெடக்கு. போன்ல எழுத்தப் பாத்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. யாராவது வாயால சொன்னா நல்லாருக்கும்."

"எனக்கும் அப்படித்தான் டீச்சர்" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல். வாயால் சொல்வது யார் என்ற பேச்சு வந்தபோது, ராத்திரிக் காவல் வேலை பார்க்கும் ஓர் அப்பா கையை நீட்டிக் காட்டினார். "ஆளுக்கா பஞ்சம்? அந்தா உக்காந்திருக்காரே மைக்செட்டு."

எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். அவன் முடியாது என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடிக் கதையையாவது எடுத்து விட்டிருக்கலாம். ஆனால் அவன் வாழ்நாளில் ஒரு வகுப்பறைக்குள் அவனுக்கென்று யாரும் கை தட்டினதில்லை. எழுந்து நின்று, "அதுக்கென்ன, நான் சொல்லிட்டுப் போறேன்" என்றுவிட்டான்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அப்பனும் மகளும் எங்கள் மாடிப்படியின் திருப்பத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். போனில் சிக்னல் கிடைப்பது அங்கேதான். பெண்டாட்டிக்கு அன்றைக்குச் சாயங்கால வேலை. "அப்பாவுக்குக் கண்ணு மங்கல் பாப்பா, நீ படி" என்பான். பாப்பா ஒரு நாளுக்குரியதைக் காதோடு படித்துச் சொல்லுவாள். அவன் கண்ணை மூடிக் கேட்டு, தொண்டையைச் செருமி, போனில் மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசுவான், அது குரலாகவே குழுவுக்குப் போய்விடும். அப்புறம் அடுத்த நாள். நான் கீழே அரிசி புடைத்துக்கொண்டே கேட்பேன்.

"கேட்டுக்கங்க, கேட்டுக்கங்க, அஞ்சாம் வகுப்பு. திங்கக்கிழமை கணக்கு, பின்னம். பிள்ளைங்க ஒரு மொழம் கயிறு எடுத்துட்டு வரணும். அதுக்காகத் துணி காயற கொடிய அவுத்துக் குடுத்துடாதீங்க. செவ்வாக்கிழமை அறிவியல். ஈரப் பஞ்சுல பயறு போட்டு முளைக்க வெக்கணும். தினம் தினம் பிரிச்சுப் பாக்கக் கூடாது, அதுக்கும் வெக்கம் உண்டு."

காவல்கார அப்பா அதை இரண்டு முறை கேட்பாராம், ஒரு முறை விஷயத்துக்கு, ஒரு முறை சிரிக்க. தையல்காரம்மா மதியச் சாப்பாட்டு நேரத்தில் போட்டால், அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையே இல்லாதவர்களும் வந்து கேட்பார்களாம். பிள்ளைகள் எதையும் மறக்காமல் கொண்டுவந்தார்கள். அடுத்த கூட்டத்தில் டீச்சர் எல்லார் முன்னாலும், "என் வேலையில பாதி இவர் பாக்கறார்" என்றாள். அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்த நடையைப் பார்க்க வேண்டுமே. படியில் ஏறுகிறானா, பல்லக்கில் போகிறானா என்றிருந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் சொல்லியாயிற்று. வியாழக்கிழமைக்கு வந்ததும் பாப்பாவின் வாய் நின்றுபோயிற்று.

"என்ன பாப்பா, வண்டி நின்னுடுச்சு? டீசல் இல்லையா?"

போனில் இருந்தது இதுதான்: வியாழக்கிழமை வாசிப்பு நாள், ஒவ்வொரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ காலையில் வகுப்புக்கு வந்து பாடப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அவள் அதுவரை போகவில்லை. 

"வியாழக்கெழம வழக்கம் போலதான்ப்பா" என்றாள். "ஒண்ணும் கொண்டு வர வேண்டாம்."

அவன் அழுத்திப் பிடித்துப் பேசினான். "வியாழக்கெழம வழக்கம் போல. வெறுங்கையோட வரலாம். மூளைய மட்டும் மறக்காம எடுத்துட்டு வந்தாப் போதும்."

வியாழக்கிழமை வந்தது. போனில் எழுத்தைப் பார்த்துப் படிக்கிற வீட்டார் வந்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் வந்தார், ஆபீஸில் கணக்கு எழுதுகிற ஓர் அம்மா வந்தாள், இன்னும் சிலர். ஒவ்வொருவராக வாசித்தார்கள். குரல் கேட்டுத் தெரிந்துகொள்கிற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. காவல்காரர் மகன், "எங்கப்பா தூங்கிட்டு இருப்பார்" என்று சொல்லிச் சமாளித்தான். தையல்காரம்மாவின் பெண்ணுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அழுதுவிட்டாள். டீச்சர் கடைசியில் பாப்பாவிடம் வந்தாள். "ஊருக்கே சொல்ற உங்கப்பா எங்க?"

"காய்ச்சல் டீச்சர்" என்றாள் பாப்பா.

அன்று சாயங்காலம் தையல்காரம்மா பேருந்து நிலையத்தில் வண்டியைவிட்டு இறங்கினாள். நேராக அவனிடம் போனாள்.

"அண்ணே, காய்ச்சல் எப்படி இருக்கு?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கென்னம்மா, குத்துக்கல்லாட்டம் நிக்கறேன்."

"அதான் பாக்கறேனே. கம்பெனிக்குப் போன் பண்ணி டீச்சர் கேக்கறாங்க, ஏன் வரலைன்னு. எங்க வரணும்னு நான் கேக்கறேன். அப்பா அம்மா வந்து வாசிக்கிற நாளாமே இன்னைக்கு. எம் பொண்ணு எல்லார் முன்னாலயும் அழுதிருக்கா. நீங்க பேசினத மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். வெறுங்கையோட வரலாம்னு சொல்றீங்க, சிரிப்பு வேற."

அவன் சட்டைப்பையைத் தடவினான். "அன்னைக்குக் கண்ணாடிய மறந்துட்டேன்மா. விட்டுப்போயிருக்கும்."

"கண்ணாடி இல்லாமத்தான் பின்னம், பயறு, பஞ்சு எல்லாம் தெரிஞ்சுதா? அந்த ஒரு வரி மட்டும் தெரியலையா? உங்க பொண்ணு காய்ச்சல்னு சொல்லியிருக்கா. அப்ப வீட்டுல எல்லாரும் சேர்ந்துதான் விட்டிருக்கீங்க." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அரை நாள் சம்பளம் போனாப் போவுதுன்னு வந்திருப்பேன் அண்ணே. மெதுவா எழுத்துக் கூட்டியாவது வாசிச்சிருப்பேன்."

பக்கத்தில் நின்ற கூவுகிறவர்களில் ஒருவன், "என்ன மைக்செட்டு, கரண்ட் போயிடுச்சா?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அப்போது ஒரு வண்டி வந்து நின்றது. அவன் கூவவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, பாதி இருக்கை காலியாகவே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தபோது பாப்பா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் காய்ச்சலா பாப்பா?"

அவள் பென்சிலை வைத்தாள். 

"வியாழக்கெழம என்ன போட்டிருந்துது?"

"அப்பாவோ அம்மாவோ வந்து வாசிக்கணும்னு."

"அத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ போவே."

"ஆமா, போவேன்."

"போயி?"

 அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டான். கண் மங்கல் என்று சொன்னதை அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான் அவன்.

"ஒண்ணாம் வகுப்புல இருந்து. நீ கதைப் புத்தகம் படிச்சுக் காட்டுவே. படம் அதேதான், ஆனா ஒவ்வொரு தடவையும் கதை வேற மாதிரி இருக்கும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை அவன் படித் திருப்பத்துக்கே வரவில்லை. சனிக்கிழமை காலையில் கீழே இறங்கி வந்து என் சமையலறை வாசலில் உட்கார்ந்தவன் இதையெல்லாம் சொன்னான். தேநீர் கொடுத்தேன், ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தான். தையல்காரம்மா மூலமாக டீச்சருக்குக் காய்ச்சல் பொய் என்று தெரிந்துவிட்டதாம். பாப்பாதான் வகுப்புத் தலைவி. திங்கட்கிழமை அப்பா வந்து விவரம் சொல்லும்வரை நீ தலைவி இல்லை என்று சொல்லிவிட்டாளாம் டீச்சர். பொய்க்காரி என்று பிள்ளைகளும் சொல்ல ஆரம்பித்துவிட்டதுகளாம்.

"நீ போயி, கண்ணாடி ஒடஞ்சுபோச்சு, பாப்பா சின்னப் புள்ளை, பயத்துல ஒளறிட்டான்னு சொல்லிடு" என்றேன். எனக்கு வந்த யோசனை அவ்வளவுதான்.

"கண்ணாடியப் பத்திப் பேசாதீங்க அண்ணி." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஊரே சிரிச்சாலும் தாங்கிக்கலாம். அந்தப் புள்ளை எனக்குப் பயந்து பொய் சொல்லல. என்னை நினைச்சுப் பயந்து சொல்லியிருக்கு. நாலு வருஷமாத் தெரிஞ்சுக்கிட்டே, ஒண்ணும் தெரியாத மாதிரி நடிச்சிருக்கு. அவ முகத்துல எப்படி முழிக்கறது?"

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு படி இறங்கினான். மேலே நின்ற பெண்டாட்டி, "நானும் வரட்டுமாங்க?" என்றாள்.

"வேண்டாம்."

"சரி. எட்டாவதுன்னு சொல்லிடாதீங்க."

அவன் பாதிப் படியில் நின்று அவளை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. உள்ளே போய்விட்டாள்.

இடைவேளை நேரம். பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தன. டீச்சர் மேசையில் இருந்தாள். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சைக் காட்டி, உட்காருங்கள் என்றாள். அவன் உட்காரவில்லை.

"காய்ச்சல்னு சொல்லச் சொன்னது நீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பாப்பாவின் மேல் இருந்த பொய் அவன் தலைக்கு வந்திருக்கும், அவன் மானமும் பாதி பிழைத்திருக்கும். அவன் வாய் வரைக்கும் வந்ததாம் அந்த ஆமாம்.

"இல்ல டீச்சர். எனக்குப் படிக்க வராது. அவ படிப்பா, நான் கேட்டுச் சொல்லுவேன். வாசிக்கணும்னு போட்டிருந்ததைப் பாத்து, அப்பா மாட்டிக்குவாரேன்னு அந்த நாளையே விட்டுட்டா."

"படிக்க வராதுன்னா? இங்கிலீஷா?"

"எதுவும் வராது."

டீச்சர் போனை எடுத்தாள். விரலால் தள்ளித் தள்ளி அந்த வாரத்தைக் கண்டுபிடித்தாள். "கீழ இன்னொரு வரி இருந்துதே, அதை அவ பாக்கலையா?" என்று கேட்டு, தானே வாசித்தாள். வாசிக்கச் சிரமப்படுவோர் தங்கள் வேலையைப் பற்றி நாலு வார்த்தை பேசினாலே போதும், அதுவும் எங்களுக்குப் பாடம்தான் என்று போட்டிருந்தது.

"உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் அத நான்" என்று ஆரம்பித்தவள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். முகம் சிவந்துபோயிற்று அவளுக்கு. தப்பாகச் சொல்லவில்லைதான், ஆனால் சொல்லியாயிற்று.

"நல்ல வரிதான் டீச்சர்" என்றான் அவன். "என்ன, அதையும் படிக்கத் தெரியணும்."

 பிறகு டீச்சர், பாப்பாவை இன்றைக்கே தலைவியாக்கிவிடுகிறேன் என்றாள். வராதவர்களுக்காக அடுத்த வாரத் திட்டத்தில் வாசிப்பு நாளை மறுபடி போடுகிறேன், குழுவில் சொல்ல உங்களுக்குச் சங்கடம் என்றால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றாள். போன முறை ஏன் விட்டுப்போயிற்று என்று அவர்களுக்கு என்ன சொல்வது என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

"நானே சொல்லிடறேன் டீச்சர்" என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திட்டம் வந்தது. அப்பனும் மகளும் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்தார்கள். பாப்பா படிக்க வாயெடுத்தாள். இரு என்று கையைக் காட்டினான். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஏதோ சொன்னான். கீழே இருந்த என் காதுக்கே எட்டவில்லை. ஒரு முறை பேசி அழித்தான், மறுபடி பேசி அழித்தான். மூன்றாவதாகப் பேசினதை அனுப்பிவிட்டு, போனைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான்.

போன் கிணுங்கியது. பாப்பா எடுத்து, வந்திருந்த குரலைப் போட்டாள். தையல்காரம்மாவின் குரல். "அண்ணே, ஒண்ணுமே கேக்கல. காத்துச் சத்தம்தான் வருது."

அடுத்தது காவல்காரர். "என்ன மைக்செட்டு, போன வாரம் ஆளே வரல, இந்த வாரம் வந்தும் சத்தம் வரலையே. பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடற மாதிரி சொல்லுப்பா."

அவன் மகளைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். "விட்டுடுப்பா. நான் திங்கக்கிழமை பாடத்தப் படிக்கிறேன், நீ சொல்லு" என்றாள்.

அவன் எழுந்து நின்றான். இந்தப் பேச்சுக்கு உட்கார்ந்துகொண்டு அவனுக்குக் குரல் வரவில்லை. போனை அழுத்திப் பிடித்தான்.

"கேட்டுக்கங்க. அஞ்சாம் வகுப்பு. போன வாரம் வியாழக்கெழம விட்டுப்போனதுக்கு நான்தான் காரணம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கப்பா பேர எழுதினாக்கூட எனக்கு அடையாளம் தெரியாது. எம் பொண்ணு படிக்கப் படிக்க நான் சொல்லிட்டு வந்தேன். நான் படிக்கிறேன்னு நீங்க நெனச்சீங்க, நானும் சும்மா இருந்துட்டேன். நான் அவமானப்படக் கூடாதுன்னு அவ ஒரு வரிய விட்டுட்டா. உங்க பிள்ளைங்க அவமானப்பட்டுது. அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். அவள யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. அவ்வளவுதான்."

பக்கத்து மாடியில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். எதிர் வீட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, பார்க்காதது போலக் குனிந்துகொண்டார். நான் முறத்தை வைத்துவிட்டு உள்ளே போகப் பார்த்தேன். போகவும் முடியவில்லை. என்னைப் பார்த்துவிடுவானே என்று கதவோரம் ஒதுங்கி நின்றேன்.

 அப்புறம் தையல்காரம்மாதான் முதலில் பேசினாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "சரிண்ணே. திங்கக்கிழமை என்ன எடுத்துட்டு வரணும்?" என்று கேட்டாள்.

அவன் போனைப் பாப்பாவிடம் நீட்டினான். "நீயே படி. உன் வாயாலயே போகட்டும்."

"எனக்குச் சத்தம் வராதுப்பா."

"பக்கத்துல பிடிச்சுக்கறேன்."

அவள் படிக்க ஆரம்பித்தாள். திங்கட்கிழமை சமூக அறிவியல், பிள்ளைகள் வண்ணப் பென்சில் கொண்டுவர வேண்டும். மெல்லிய குரல்தான், ஆனால் ஒரு எழுத்து விடாமல் படித்தாள். அவன் போனை அவள் வாய்க்குப் பக்கத்தில் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றான், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.